முதலாளியின் மதம் கருத்தடைச் செலவைத் தீர்மானிக்குமா? அமெரிக்க வழக்கும் கோவை இ.எஸ்.ஐ.யும் - முழு விளக்கம்

வேலை கொடுப்பவர் ஒரு மத நிறுவனம். வேலை பார்ப்பவர் ஒரு பெண். அவருக்குக் கருத்தடைச் சிகிச்சை தேவைப்படுகிறது. "எங்கள் மத நம்பிக்கைப்படி அது தவறு, அதற்கான காப்பீட்டுச் செலவை நாங்கள் ஏற்க முடியாது" என்று நிர்வாகம் சொல்ல முடியுமா?

அமெரிக்காவில் பத்தாண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் கேள்வி இது. சரி, இதுக்கும் கோயம்புத்தூருக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் மில், பனியன் கம்பெனி, பவுண்டரி மட்டுமல்ல, மத அறக்கட்டளைகள் நடத்தும் பள்ளி, கல்லூரி, மருத்துவமனைகளும் ஏராளம். கிறிஸ்தவச் சபைகள், ஆதீனங்கள், ஆசிரமங்கள், இஸ்லாமிய அறக்கட்டளைகள் எனப் பலரும் இங்கே முதலாளிகள். அவர்களிடம் மாதச் சம்பளம் வாங்கும் பெண்களுக்கு இந்தக் கேள்வி எப்படிப் பொருந்தும்? சட்டம் யார் பக்கம்? கையில் என்ன கிடைக்கும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் என்ன பிரச்சினை?

அமெரிக்காவில் பெரும்பாலான ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு வேலை செய்யும் நிறுவனம் வழியாகத்தான் கிடைக்கிறது. 2010-ல் ஒபாமா ஆட்சியில் வந்த சுகாதாரச் சட்டத்தின்படி, அந்தக் காப்பீட்டில் கருத்தடை முறைகளுக்கு ஊழியரிடம் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று விதி வகுக்கப்பட்டது.

தேவாலயங்களுக்கு விலக்கு தரப்பட்டது. ஆனால் மத நம்பிக்கை உள்ள தனியார் நிறுவனங்களும் விலக்குக் கேட்டன. அதில் பெரிய வழக்கு ஹாபி லாபி. கைவினைப் பொருட்கள் விற்கும் கடைச் சங்கிலி அது. அதை நடத்தும் கிறிஸ்தவக் குடும்பம் எல்லாக் கருத்தடை முறைகளையும் எதிர்க்கவில்லை. அவசரகால மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் சாதனம் என நான்கு முறைகளை மட்டும் எதிர்த்தது. 2014 ஜூன் 30 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அடுத்து வந்தது ஏழை முதியோர் இல்லங்களை நடத்தும் கன்னியாஸ்திரீகளின் 'லிட்டில் சிஸ்டர்ஸ் ஆஃப் தி புவர்' அமைப்பின் வழக்கு. "நாங்கள் பணம் கட்ட வேண்டாம், காப்பீட்டு நிறுவனமே கட்டிக்கொள்ளும் என்கிறீர்கள். ஆனால் அதற்கான படிவத்தில் நாங்கள் கையெழுத்துப் போடுவதே பாவத்துக்குத் துணை போவதுதான்" என்பது அவர்கள் வாதம். டிரம்பின் முதல் ஆட்சியில் மதம் மற்றும் மனசாட்சி அடிப்படையிலான விலக்கு விரிவாக்கப்பட்டது. அப்படி விரிவாக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று தீர்ப்பளித்தது. அந்த விலக்கு விதிகளை 2025 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று ரத்து செய்தது. சண்டை இன்னும் ஓயவில்லை.

இந்தச் சண்டைக்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான். அங்கே காப்பீட்டுத் திட்டத்தை வாங்கிக் கொடுப்பவர் முதலாளி. அதனால் "என் பணம், என் மனசாட்சி" என்று அவரால் வாதாட முடிகிறது.

கோவையில் கதை வேறு. ஏன்?

இந்தியாவில் குறைந்த, நடுத்தர சம்பளக்காரர்களுக்கான மருத்துவக் காப்பீடு வேறு அடித்தளத்தில் கட்டப்பட்டது. அதுதான் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம். 1948-ல் சட்டமாகி, 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் முதலில் வந்த ஊர் எது தெரியுமா? சென்னை இல்லை, கோயம்புத்தூர். 1955 ஜனவரியில், மில் தொழிலாளர்களை நம்பி இங்கேதான் தொடங்கியது. சிங்காநல்லூர் பக்கம் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனை இன்று அரசு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து இயங்குகிறது.

திட்டம் எப்படி வேலை செய்கிறது? மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இதில் வருவார்கள். சம்பளத்தில் ஊழியர் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். 18,000 ரூபாய் சம்பளம் என்றால் ஊழியரிடம் பிடிப்பது 135 ரூபாய், நிறுவனம் கட்டுவது 585 ரூபாய். மொத்தம் 720 ரூபாய் மாதாமாதம் இ.எஸ்.ஐ. கழகத்துக்குப் போகும்.

இங்கேதான் அமெரிக்காவோடு பெரிய வித்தியாசம். அந்த 720 ரூபாய் போய்ச் சேருவது ஒரு பொது நிதியில். அதிலிருந்து எந்தச் சிகிச்சைக்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்று தேர்வு செய்யும் உரிமை எந்த முதலாளிக்கும் இல்லை. மில் ஓனருக்கும் இல்லை, மடத்துக்கும் இல்லை, மறைமாவட்டத்துக்கும் இல்லை. பட்டியலைத் தீர்மானிப்பது சட்டமும் கழகமும்தான்.

அந்தப் பட்டியலில் குடும்பக் கட்டுப்பாடு ஏற்கெனவே இருக்கிறது.

இ.எஸ்.ஐ.யில் என்ன கிடைக்கும்?

இ.எஸ்.ஐ. பிடித்தம் கட்டும் பலருக்கே தெரியாத பலன் இது. உடம்பு சரியில்லாமல் லீவு போட்டால் இ.எஸ்.ஐ. தருவது சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவீதம். ஆனால் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டால் முழுச் சம்பளம், அதாவது 100 சதவீதம். இதற்கு 'மேம்படுத்தப்பட்ட நோய்க்காலப் பலன்' என்று பெயர்.

- பெண்களுக்கான ஆபரேஷன்: 14 நாட்கள்.
- ஆண்களுக்கான ஆபரேஷன்: 7 நாட்கள்.
- ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல் வந்தால், டாக்டர் சான்றின் பேரில் நாட்களை நீட்டிக்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 18,000 ரூபாய் சம்பளம் என்றால் தினச் சம்பளம் சுமார் 600 ரூபாய். பெண் ஊழியருக்கு 14 நாட்களுக்குச் சுமார் 8,400 ரூபாய். ஆண் ஊழியருக்கு 7 நாட்களுக்குச் சுமார் 4,200 ரூபாய்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டினால் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டினால் ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். மருத்துவச் சிகிச்சைக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு கிடையாது. வேலைக்குச் சேர்ந்து பதிவான நாள் முதலே அது உண்டு.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். பணப் பலன் இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கும் ஊழியருக்கு மட்டும்தான். கணவர் பனியன் கம்பெனியில் வேலை, மனைவி வீட்டில் இருக்கிறார் என்றால், மனைவி ஆபரேஷன் செய்துகொள்ளும்போது சிகிச்சை கிடைக்கும், சம்பளப் பலன் கிடைக்காது. அதே வீட்டில் கணவர் ஆபரேஷன் செய்துகொண்டால் 7 நாள் முழுச் சம்பளம் வரும்.

மத நிறுவனங்களுக்கு விலக்கு உண்டா?

"நாங்கள் சிறுபான்மை நிறுவனம், எங்களுக்குத் தனி உரிமை இருக்கிறது" என்ற வாதம் இந்தியாவிலும் வந்திருக்கிறது. கருத்தடை விஷயத்தில் அல்ல, தொழிலாளர் சட்டம் முழுவதையும் பற்றி.

அந்த வாதம் எழுந்தது தமிழ்நாட்டில்தான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கும் அதன் ஊழியர் சங்கத்துக்கும் இடையேயான வழக்கு 1987-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமை தருகிறது, அதனால் தொழில் தகராறு சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்பது நிர்வாகத்தின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஊழியர் நலனுக்கான பொதுச் சட்டம் சிறுபான்மை நிறுவனத்துக்கும் பொருந்தும், அதனால் நிறுவனம் நடத்தும் உரிமை பறிபோய்விடாது என்று தீர்ப்பு வந்தது.

அடுத்து, பள்ளி கல்லூரிகளுக்கு இ.எஸ்.ஐ. பொருந்துமா என்ற கேள்வி. தனியார் கல்வி நிறுவனங்களையும் இ.எஸ்.ஐ.க்குள் கொண்டுவந்து தமிழ்நாடு அரசு 2010 நவம்பரில் உத்தரவு போட்டது. கல்வி நிறுவனங்கள் எதிர்த்து நீதிமன்றம் போயின. 2020-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த உத்தரவு செல்லும் என்றது. ஆக, பள்ளியை நடத்துவது அறக்கட்டளையா, சபையா, ஆதீனமா என்பதை வைத்து இ.எஸ்.ஐ. பொறுப்பு மாறாது.

அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு தரும் மதச் சுதந்திரமும் எல்லையற்றது அல்ல. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டது என்று அந்தப் பிரிவே சொல்கிறது.

1948-ன் பழைய இ.எஸ்.ஐ. சட்டம் இப்போது 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. புதிய சட்டத்திலும் 'முதலாளியின் மத நம்பிக்கைக்காக இந்தப் பலனைத் தவிர்க்கலாம்' என்று எந்த விலக்கும் இல்லை.

அப்படின்னா இங்கே பிரச்சினையே இல்லையா?

இருக்கிறது. அது 21,000 ரூபாய்க்கு மேலே தொடங்குகிறது.

ஒரு கற்பனை உதாரணம். கோவையில் ஓர் அறக்கட்டளைப் பள்ளியில் இரண்டு பெண்கள். ஒருவர் 18,000 ரூபாய் சம்பளத்தில் ஆபீஸ் உதவியாளர். இன்னொருவர் 26,000 ரூபாய் சம்பளத்தில் ஆசிரியை. முதலாமவர் இ.எஸ்.ஐ.யில் இருக்கிறார். ஆசிரியைக்கு அது கிடையாது. நிர்வாகம் ஏதாவது ஒரு தனியார் நிறுவனத்தில் குழு மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

அந்தப் பாலிசியின் பின்பக்கங்களைப் புரட்டினால் 'விலக்குகள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில் நாடு முழுமைக்கும் இந்த விலக்குகளின் வாசகத்தை ஒரே மாதிரி ஆக்கியது. அதில் 17-ம் எண் விலக்கு மலட்டுத்தன்மை மற்றும் கருத்தடை பற்றியது. எந்த வகைக் கருத்தடை, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன், செயற்கைக் கருத்தரிப்பு, வாடகைத் தாய் முறை, ஆபரேஷனை மாற்றிச் செய்வது, இவை எதற்கும் பணம் இல்லை என்கிறது அது.

அதாவது, அமெரிக்காவில் ஒரு மத நிறுவனம் நீதிமன்றம் வரை போய் வாங்க வேண்டியிருந்த விலக்கு, இங்கே எல்லா முதலாளிக்கும் கேட்காமலே பாலிசியில் அச்சாகி வருகிறது. மதம் சார்ந்த நிறுவனம், சாராத நிறுவனம் என்ற வேறுபாடே இல்லை.

குழு பாலிசியில் கூடுதல் பிரீமியம் கட்டிச் சில விலக்குகளை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். பிரசவச் செலவைப் பல நிறுவனங்கள் இப்படிச் சேர்த்து வாங்குகின்றன. கருத்தடையையும் சேர்க்கச் சொல்லிக் கேட்பதா வேண்டாமா என்பது முழுக்க நிர்வாகத்தின் கையில். முதலாளியின் நம்பிக்கை, கூச்சம், அக்கறையின்மை எல்லாம் நுழையும் இடம் இதுதான். அமெரிக்க முதலாளி வெளிப்படையாக 'மாட்டேன்' என்று சொல்ல வேண்டியிருந்தது, காரணம் சொல்ல வேண்டியிருந்தது. இங்கே சும்மா இருந்தாலே போதும்.

இதில் ஒரு விநோதமும் உண்டு. பிரசவச் செலவு சேர்க்கப்பட்ட பாலிசியில் சிசேரியனுக்குப் பணம் வரும். அதே மேஜையில், அதே மயக்க மருந்தில், "இரண்டு குழந்தை போதும்" என்று குடும்பக் கட்டுப்பாடும் செய்துகொண்டால், அந்தப் பகுதிச் செலவை க்ளெய்மில் கழித்துவிட விலக்கு விதியில் இடமிருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் பில்லைப் பார்த்துத்தான் பல குடும்பங்களுக்கு இது தெரியவரும்.

இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கும் இது நாளைய பிரச்சினைதான். சம்பளம் 21,000-ஐத் தாண்டினால், நடப்புப் பங்களிப்புக் காலம் முடியும் வரைதான் சந்தா தொடரும். அதன்பின் அந்தச் சந்தாவுக்குரிய பலன் காலமும் முடிந்தால், அந்தப் பெண்ணும் 17-ம் எண் விலக்குக்குள் வந்துவிடுகிறார். இன்கிரிமென்ட் வந்த சந்தோஷத்தில் இதை யாரும் யோசிப்பதில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் எல்லாமே இலவசம்தானே?

நியாயமான கேள்வி. காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசி, வாரம் ஒருமுறை சாப்பிடும் 'சாயா' மாத்திரை, ஆணுறை, ஆபரேஷன் எல்லாம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்கப் பெண்ணுக்கு மாத்திரையின் விலைதான் பிரச்சினை என்றால், இங்கே அப்படி இல்லை.

இங்கே விலை நாட்களில் இருக்கிறது. ஷிப்ட் வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஆஸ்பத்திரி போய் வர ஒரு நாள். லீவு போட்டால் அந்த நாள் சம்பளம் போச்சு. வருகைப் படி இருந்தால் அதுவும் போகும். மில் விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர் வெளியே போகவே அனுமதி கேட்க வேண்டும். "எதுக்கும்மா லீவு?" என்ற கேள்விக்கு ஆண் சூப்பர்வைசரிடம் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் இ.எஸ்.ஐ. தரும் 14 நாள் சம்பளம் முக்கியமாகிறது. ஆபரேஷன் எங்கே வேண்டுமானாலும் இலவசமாக நடக்கலாம். அதன் பிறகு வீட்டில் படுத்து ஓய்வெடுக்கும் நாட்களுக்கு யார் பணம் தருவது என்பதுதான் கேள்வி.

இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருக்கும் பெண்களுக்கு இங்கே ஒரு சட்டப் பிடி உண்டு. தாய்மைப் பலன் சட்டத்தில் 1995-ல் சேர்க்கப்பட்ட திருத்தப்படி, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொள்ளும் பெண் ஊழியருக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுப்பு தர வேண்டும். புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது தொடர்கிறது. ஆனால் இங்கே பணம் தருவது பொது நிதி அல்ல, நிறுவனமேதான். கேட்டால்தான் கிடைக்கும். எத்தனை பேருக்குக் கேட்கத் தெரியும்?

திட்டத்திலேயே உள்ள ஓட்டைகள் என்ன?

இ.எஸ்.ஐ. முதலாளியின் நம்பிக்கையைத் திணிக்கவில்லை, சரி. ஆனால் அதற்கும் ஒரு பார்வை இருக்கிறது. கருத்தடை என்றாலே நிரந்தர ஆபரேஷன் என்ற பார்வை.

பணப் பலன் ஆபரேஷனுக்கு மட்டும்தான். காப்பர்-டி வைத்துக்கொள்ளும் நாளுக்கோ, ஊசி போடப் போகும் நாளுக்கோ தனிப் பலன் எதுவும் இல்லை. ஆபரேஷனுக்கு அரசின் விதிமுறைகள் திருமணமானவராக இருக்க வேண்டும், 22 வயதுக்கு மேல் இருக்க வேண்டும், குறைந்தது ஒரு குழந்தை இருக்க வேண்டும் என்கின்றன. ஆக, முதல் குழந்தையைத் தள்ளிப்போட நினைக்கும் புதுமணப் பெண்ணுக்கும், இரண்டு குழந்தைக்கு நடுவில் இடைவெளி வேண்டும் என்பவருக்கும், திருமணமாகாதவருக்கும் இந்தத் திட்டத்தில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. மில்களிலும் பனியன் கம்பெனிகளிலும் வேலை பார்க்கும் இளம்பெண்களில் பலர் இந்த வகையில்தான் வருவார்கள்.

இரண்டாவது ஓட்டை, சுமை யார் தலையில் என்பது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் (2019-21) படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இந்திய அளவில் இது சுமார் 38 சதவீதம். ஆண்கள் ஆபரேஷன் செய்துகொள்வது ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஆண்களுக்கானது சிறிய சிகிச்சை, 7 நாள் முழுச் சம்பளமும் உண்டு. பணம் இருந்தும் ஆண்கள் வரவில்லை. 'ஆம்பளைக்கு எதுக்கு ஆபரேஷன், மூட்டை தூக்க முடியாமப் போயிரும்' என்ற பேச்சுக்கு மருத்துவ ஆதாரம் இல்லை என்றாலும், காப்பீட்டை விட அதற்குச் செல்வாக்கு அதிகம்.

மருத்துவமனையே மறுத்தால்?

இதையும் முதலாளி விஷயத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கத்தோலிக்கத் திருச்சபை செயற்கைக் கருத்தடையை ஏற்பதில்லை. 1968-ல் போப் ஆறாம் பவுல் வெளியிட்ட 'ஹுமானே விட்டே' சுற்றுமடலில் இந்த நிலைப்பாடு உறுதி செய்யப்பட்டது. இயற்கையான முறையில் நாள் கணக்குப் பார்த்துத் தவிர்ப்பதை மட்டும் திருச்சபை ஏற்கிறது. இந்தப் போதனையைப் பின்பற்றும் மருத்துவமனை குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்யாமல் இருக்கலாம். மற்ற கிறிஸ்தவச் சபைகளில் பலவற்றின் நிலை இதுவல்ல. இந்து, இஸ்லாமிய நிறுவனங்களிலும் ஒரே கருத்து இல்லை.

தன் கையால் ஒரு சிகிச்சையைச் செய்ய மாட்டேன் என்று சொல்வது ஒன்று. தன்னிடம் வேலை பார்ப்பவர் வேறு இடத்தில் செய்துகொள்வதைத் தடுப்பது இன்னொன்று. முதலாவதில் நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நியாயம். கர்ப்ப காலத்தில் முதல் முறை பார்க்கும்போதே "பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடும் இங்கே செய்வீர்களா?" என்று கேட்டுவிடுவது குடும்பத்துக்கு நல்லது. இல்லையென்றால் தனியாக இன்னொரு ஆபரேஷன், இன்னொரு மயக்க மருந்து, இன்னொரு முறை லீவு.

இரண்டாவதற்கு, அதாவது ஊழியரைத் தடுப்பதற்கு, நிர்வாகத்துக்கு அதிகாரம் இல்லை. இ.எஸ்.ஐ. க்ளெய்ம் போவது கிளை அலுவலகத்துக்கு. முடிவு எடுப்பது கழகம், நிர்வாகம் அல்ல. நோய்க்காலப் பலன் வாங்கும் காலத்தில் ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று பழைய சட்டத்தின் 73-வது பிரிவு தெளிவாகத் தடை போட்டிருந்தது.

இந்த விவாதம் ஈரோட்டுக்குப் புதிதல்ல

கருத்தடையை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி, ஹாபி லாபி வழக்குக்கு வெகுகாலம் முன்பே கொங்கு மண்ணில் அச்சேறிவிட்டது. ஈரோட்டிலிருந்து 1925-ல் தொடங்கிய 'குடி அரசு' இதழில் பெரியார் 1930-லேயே கர்ப்பத்தடை பற்றி எழுதினார். அன்று கருத்தடையை ஆதரித்த மற்றவர்கள் நாட்டின் வறுமை, தாயின் உடல்நலம், மக்கள்தொகை என்று காரணம் சொன்னார்கள். பெரியாரின் காரணம் வேறு: பெண்ணின் சுதந்திரம். மதத்தின் பேரில் வந்த எதிர்ப்பையும் அவர் நேரடியாகச் சந்தித்தார்.

பின்னாளில் தமிழ்நாட்டில் குழந்தைப்பேறு விகிதம் முன்கூட்டியே குறைந்த பகுதிகளில் கோவையும் ஈரோடும் இடம்பிடித்தன. இன்று இந்த வட்டாரத்தில் 'ஒண்ணு போதும்' என்பது சாதாரணப் பேச்சு. ஆனால் அரசின் திட்டங்களும் காப்பீட்டின் பலனும் இன்னும் முதல் காரணத்தைச் சுற்றியே நிற்கின்றன. எத்தனை குழந்தை என்ற எண்ணிக்கை முடிந்த பிறகு ஆபரேஷனுக்குப் பணம் கொடுக்கும். எப்போது என்று ஒரு பெண் முடிவு செய்வதற்கு உதவாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

- சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பிடித்தம் இருந்தால் காப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.
- ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன், முந்தைய பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சந்தா இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஒரு மாதம் முன்னே பின்னே ஆனால் முழுப் பலனும் தவறிப்போகலாம்.
- மருத்துவச் சான்று, டிஸ்சார்ஜ் தாள் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். க்ளெய்ம் கிளை அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.
- குழு பாலிசியில் இருந்தால், எச்.ஆர். அல்லது அலுவலகத்தில் முழுப் பாலிசியையும் கேளுங்கள். சுருக்கத் தாளில் விலக்குகள் முழுமையாக இல்லாமல் போகலாம். 17, 18 எண் விலக்குகளைத் தேடுங்கள். 17 கருத்தடை, 18 பிரசவம்.
- இ.எஸ்.ஐ. இல்லாத பெண் ஊழியர்கள், ஆபரேஷனுக்கு இரண்டு வாரச் சம்பள விடுப்பு உங்கள் நிறுவனத்துக்குப் பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள்.
- ஆபரேஷன் செய்துகொள்ள கணவர் அல்லது மனைவியின் ஒப்புதல் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. செய்துகொள்பவரின் சம்மதம் போதும்.
- ஆபரேஷன் தோல்வியடைந்து கர்ப்பமானால், அரசின் குடும்பக் கட்டுப்பாட்டு இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆபரேஷன் சான்றிதழ் இல்லாமல் அதைக் கேட்க முடியாது. தெரிந்த உடனேயே விண்ணப்பிக்க வேண்டும்.

கடைசியாக

முதலாளியின் மதம் ஊழியரின் கருத்தடைச் செலவைத் தீர்மானிக்குமா? 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்குப் பதில் 'தீர்மானிக்காது'. அந்தக் கேள்வியே எழாதபடி 1948-ல் போட்ட சட்டம் பணத்தைப் பொது நிதியில் போட்டுவிட்டது. அதற்கு மேல் சம்பளம் வாங்குபவருக்குப் பதில் 'நிர்வாகம் எந்தப் பாலிசி வாங்குகிறதோ அதுதான்'.

பாலிசியை மாற்ற வழக்கு தேவையில்லை. விலக்கு வாசகத்திலிருந்து கருத்தடையை ஆணையம் நீக்கினால் போதும், அல்லது குழு பாலிசி புதுப்பிக்கும்போது நிர்வாகங்கள் ஒரு வரி சேர்க்கச் சொன்னால் போதும். காப்பர்-டி வைக்கும் பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. ஒரு நாள் சம்பளம் தந்தால், ஆபரேஷனைத் தவிர வேறு வழியும் இருக்கிறது என்று மில் பெண்களுக்குத் தெரியும்.

அதுவரை, 14 நாள் முழுச் சம்பளம் என்ற பலனாவது உரியவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மாதாமாதம் அதற்காகச் சம்பளத்தில் பிடித்தம் போய்க்கொண்டுதான் இருக்கிறது.